நாற்பது நொடிக் கிரகணம்

வணக்கம் சார்,

செவ்வாயிலிருந்து எடுத்த சூரிய கிரகண வீடியோவை என் மகள் காட்டினாள். கோணலாக ஏதோ ஒன்று சூரியன் மேல் ஓடி மறைகிறது. முழுதாக மூடக்கூட இல்லை. இதற்காகவா அவ்வளவு செலவு?

ச.

அன்புள்ள ச.,

2022 ஏப்ரல் 2 அன்று செவ்வாயின் ஜெசெரோ பள்ளத்திலிருந்து நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தி எடுத்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஓடுவது ஃபோபோஸ் என்ற செவ்வாயின் நிலா. நீளவாக்கில் 27 கி.மீ.தான், உருண்டையாகத் திரளும் அளவுக்கு அதற்கு ஈர்ப்பு போதாது. செவ்வாய் ஒருமுறை தன்னைச் சுற்றி முடிப்பதற்குள் இது அதை மூன்று முறை சுற்றிவிடும். அதனால் மேற்கில் உதித்துக் கிழக்கில் மறைகிறது. கிரகணமும் 40 நொடிக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

வேகத்தைக் குறைத்து மகளோடு இன்னொரு தடவை பாருங்கள். அந்தக் கறுப்பு விளிம்பில் மேடு பள்ளம் தெரியும். பின்னால் சூரியப் புள்ளிகளும் தெரியும். நான் அதை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை.

செலவு என்றீர்கள். அந்தக் கேமரா போனது முக்கியமாகப் பாறைகளைப் பார்க்க. காற்றில் எவ்வளவு தூசி என்று அளக்க அது அடிக்கடி சூரியனையும் பார்க்கும். அதற்கென்றே கறுப்பு வடிகட்டி வைத்திருக்கிறார்கள். கிரகணத்துக்கு வேண்டியதெல்லாம் சரியான நொடியில் மேலே திரும்புவதுதான்.

அந்த நொடியில்தான் விஷயமே இருக்கிறது. 2013இல் கியூரியாசிட்டி என்ற இன்னொரு செவ்வாய் ஊர்தி இதுபோல எடுத்தபோது, கணக்குப் போட்டதைவிட இரண்டு மூன்று கிலோமீட்டர் சூரியனின் மையத்தை ஒட்டி ஃபோபோஸ் கடந்தது. உடனே பாதைக் கணக்கைத் திருத்த முடிந்தது. 2004 முதல் இப்படிச் சேர்ந்த படங்கள் எல்லாம் அந்தக் கணக்குக்கு உதவுகின்றன. நம் நிலா கடலை இழுப்பதுபோல ஃபோபோஸ் செவ்வாயின் தரையையே லேசாக இழுத்துப் புடைக்க வைக்கிறது. ஆனால் அந்தப் புடைப்பு பின்தங்கிவிடுகிறது. முன்னால் ஓடும் ஃபோபோஸைப் பின்னுக்கு இழுக்கிறது. எவ்வளவு இழுக்கிறது என்று தெரிந்தால் செவ்வாயின் உள்ளே எவ்வளவு நெகிழ்வு என்றும் ஊகிக்கலாம். தோண்டாமலே!

நம் நிலா வருடத்துக்கு 3.8 செ.மீ. விலகிப் போகிறது. ஃபோபோஸோ இந்தப் பின்னிழுப்பால் நூறு வருடத்துக்கு சுமார் 1.8 மீட்டர் செவ்வாயை நெருங்கி வருகிறது. இன்னும் 5 கோடி வருடம் போல ஆனால் செவ்வாயில் மோதும், இல்லையென்றால் உடைந்து வளையமாகிவிடும்.