இலங்கையில் ஜனாதிபதி, நாடாளுமன்ற, உள்ளூராட்சித் தேர்தல்கள் எப்படி வேறுபடுகின்றன?

நான் யாழ்ப்பாணத்து வாக்காளன். 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல், நவம்பர் 14 நாடாளுமன்றம், 2025 மே 6 உள்ளூராட்சி என்று எட்டு மாதத்துக்குள் மூன்று முறை புள்ளடி போட்டோம். மூன்றிலும் போடுவது என்னவோ புள்ளடிதான், எண்ணுகிற விதம்தான் வேறு.

ஜனாதிபதித் தேர்தலில் செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் எடுத்தவர் வெல்வார். யாரும் எடுக்காவிட்டால் முதல் இருவரை வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் வாக்காளர் குறித்த 2ஆம், 3ஆம் விருப்பு யாருக்கு என்று பார்ப்பார்கள். 2024 வரை இதற்குத் தேவையே வரவில்லை. அம்முறை அநுர குமார திசாநாயக்கவுக்குக் கிடைத்தது 42.31 சதவீதம், ஆகவே பார்க்க வேண்டி வந்தது. விலக்கப்பட்டவர்களின் சீட்டுகள் 33 இலட்சத்துக்கு மேல். ஆனால் அவற்றிலிருந்து அநுரவுக்கும் இரண்டாவதாக வந்த சஜித் பிரேமதாசவுக்கும் சேர்ந்தவை இரண்டே முக்கால் இலட்சம்கூட இல்லை. எங்கள் அம்மம்மா மாதிரி, "ஒண்டு போட்டாக் காணும்" என்று நினைத்தவர்கள்தான் நாட்டில் அதிகம் போல. அந்த விருப்புகளில் கூடுதலானவை சஜித்துக்குத்தான் போயின, என்றாலும் இடைவெளி மிகப் பெரியது.

நாடாளுமன்றத்தில் 225 ஆசனங்கள். 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்து வருவார்கள், 29 பேர் நாடு முழுவதும் கட்சி எடுத்த வாக்கு வீதப்படி, தேசியப் பட்டியலில். முதலில் கட்சிக்குப் புள்ளடி, பிறகு அதே கட்சியில் மூன்று பேர் வரை விருப்பு வாக்கு. இந்த விருப்பு வாக்குக்காக ஒரே கட்சிக்காரர்களே ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்வது தனிக் கூத்து.

ஆசனக் கணக்கைப் பார்த்துத்தான் பலர் தலையைச் சொறிவார்கள். யாழ்ப்பாணத்தில் 2024இல் ஆறு ஆசனங்கள். அநுரவின் தேசிய மக்கள் சக்தி எடுத்தது ஏறக்குறைய 25 சதவீத வாக்கு, கிடைத்ததோ மூன்று ஆசனம்! முதலிடம் பிடித்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் உண்டு. 5 சதவீதத்துக்குக் கீழே எடுத்தவர்களின் வாக்குகளைக் கழித்து, மிச்சத்தை மீதி ஐந்து ஆசனத்தால் பிரித்ததில் இன்னொன்று. மீதி வாக்கு அதிகமாக இருந்ததால் மூன்றாவது. தமிழ்க் கட்சிகள் பிரிந்து பிரிந்து வாக்குக் கேட்டதற்கு விலை அது, வேறென்ன.

மாகாண சபையை விட்டுவிடுவோம். வடக்கில் கடைசியாக 2013இல்தான் வாக்களித்தோம்.

உள்ளூராட்சியில் விருப்பு வாக்கே கிடையாது, கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ ஒரு புள்ளடி மட்டும். உறுப்பினர்களில் 60 சதவீதம் வட்டாரங்களில் வென்றவர்கள், 40 சதவீதம் பட்டியலில் வருபவர்கள். தன் வாக்கு வீதத்துக்கு மேலாக ஒரு கட்சி வட்டாரங்களை வென்றுவிட்டால் சபையின் உறுப்பினர் எண்ணிக்கையே கூடும். சபைக்குத் தலைவரான தவிசாளரை மக்கள் நேரடியாகத் தெரிவுசெய்வதில்லை. பாதிக்கு மேல் ஆசனம் எவருக்கும் இல்லாவிட்டால் முதல் அமர்வில் உறுப்பினர்கள் வாக்களிப்பார்கள். அதற்கு முன்பே, வாக்கெடுப்பு இரகசியமா பகிரங்கமா என்று ஒரு சண்டை நடக்கும். யாரோடு யார் இரவோடிரவாகப் பேசினார்கள் என்பது அப்போதுதான் வெளியே வரும்.