பழைய பவர்பிசியில் பொதிகளைத் தொகுத்தல்

கேள்வி: எங்கள் தோட்டப் பாடசாலையிலுள்ள பவர்பிசி ஜி4 (ஆப்பிளின் பழைய கணினிகளிலிருந்த செயலி) மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவியுள்ளேன். மூலநிரலிலிருந்து தொகுக்கும்போது (இயங்கும் மென்பொருளாக மாற்றும்போது) சில மென்பொருள் பொதிகள் இறுதி இணைப்பில் பிழை காட்டி நின்றுவிடுகின்றன. வழியுண்டா?
– ஆசிரியர் ஒருவர், அட்டன்

பதில்: உண்டு, ஐயா. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 2017இல் வெளியான 9ஆம் பதிப்பிலேயே 32 பிட் பவர்பிசிக்கான அதிகாரபூர்வ ஆதரவை நிறுத்திவிட்டாலும், தன்னார்வலர்கள் 'டெபியன் போர்ட்ஸ்' வழியாக அதைப் பேணிவருவதால், ஆயத்தப் பொதி கிடைக்கிறதா என்று முதலில் அங்கே தேடுங்கள். தொகுத்தே ஆகவேண்டுமெனில், பிழைச்செய்தியில் 'அட்டோமிக்' (atomic) என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். 64 பிட் எண்ணொன்றை இடையில் குறுக்கீடின்றி ஒரே கட்டளையில் மாற்றியெழுதும் வசதி இச்செயலிக்கு இல்லாமையால், அப்பணியைச் செய்யும் லிப்அட்டோமிக் (libatomic) நூலகத்தை இணைப்பு நிரலுக்கு நாமே குறிப்பிடவேண்டியிருக்கும். பெரிய பொதிகளை வேகமான புதிய கணினியில் குறுக்குத்தொகுப்புச் செய்வதே (அதாவது, ஜி4இல் இயங்கும்படி அங்கே தொகுப்பதே) நல்லது. ஆனால் பவர்பிசி பைட்டுகளை இன்றைய பெரும்பாலான கணினிகளுக்கு எதிர்வரிசையில் அடுக்குவதால், சோதனைகளைக் கட்டாயம் ஜி4இலேயே ஓட்டுங்கள். அங்கே கண்ட பிழைக்கான திருத்தத்தை அந்த மென்பொருளை உருவாக்கும் மூலத்திட்டத்தாருக்கும் அனுப்பிவையுங்கள்.