மெக்கோனகல் டீச்சரைத் தாண்டி

கேள்வி: ஹாரி பாட்டரில் மெக்கோனகலாக வந்த மேகி ஸ்மித்தை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2024-இல் அவர் இறந்ததும், பழைய படங்களை வரிசையாகப் பார்க்கலாம் என்று 'ஒத்தெல்லோ'வில் (1965) ஆரம்பித்தேன். அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது? — கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: தப்பு உங்கள் மீதில்லை. அது லண்டன் நேஷனல் தியேட்டர் நாடகத்தை ஸ்டுடியோவில் வைத்து எடுத்த படம். அரங்கின் கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டிய நடிப்பு, அருகில் வைத்த கேமராவுக்கு முன் இரைச்சலாகத் தெரியும். நாயகன் ஒத்தெல்லோவாக வரும் லாரன்ஸ் ஒலிவியே முகத்தில் கறுப்பு பூசி நடித்திருப்பதும் இன்று உறுத்தும். ஸ்மித்தின் படங்களை ஆண்டு வரிசையில் பார்க்கவே வேண்டாம்.

'தி பிரைம் ஆஃப் மிஸ் ஜீன் பிரோடி' (1969) முதலில். இதிலும் அவர் டீச்சர்தான், ஸ்காட்லாந்து உச்சரிப்புதான். ஆனால் 1930-களின் எடின்பரோவில் முசோலினியைக் கொண்டாடுகிற டீச்சர். முதல் பாதியில் நமக்கும் அவரைப் பிடித்துவிடும். பிடித்தால்தான் கடைசியில் மாணவி சாண்டியோடு நடக்கும் மோதல் சுடும். முதல் ஆஸ்கர் இதற்குத்தான். ஓவிய ஆசிரியராக வருபவர் அவருடைய அப்போதைய கணவர் ராபர்ட் ஸ்டீவன்ஸ்.

அடுத்து, என்னைக் கேட்டால் அவருடைய ஆகச் சிறந்த வேலை: ஆலன் பென்னட் எழுதி 1988-இல் பிபிசியில் வந்த 'பெட் அமங் தி லென்டில்ஸ்'. ஒரு பாதிரியாரின் மனைவி கேமராவைப் பார்த்துப் பேசுகிறார். வேறு முகமே கிடையாது. தான் குடிப்பதை அவர் நேராகச் சொல்லமாட்டார். திருவிருந்துக்கு வைத்த திராட்சை ரசம் குறைவது போன்ற பேச்சுகளில் நாமே பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு வாக்கியம் தவறினாலும் பிடி நழுவும். சப்டைட்டில் போட்டு, போனைத் தள்ளி வைத்து, ஒரே மூச்சில் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

'கலிஃபோர்னியா ஸ்வீட்' (1978) நான்கு கதைகள் கொண்டது. மைக்கேல் கெய்னோடு அவர் வரும் பகுதி மட்டும் போதும். ஆஸ்கரைக் கோட்டைவிடும் நடிகையாக நடித்து, நிஜத்தில் ஆஸ்கர் வாங்கினார்! 'மேரிகோல்ட் ஹோட்டல்' ராஜஸ்தானில் எடுத்தது என்பதற்காகப் பார்க்க வேண்டியதில்லை.

'டவுன்டன் ஆபி' டிவி தொடரைக் கடைசிக்கு வையுங்கள். முதலிலேயே பார்த்தால், நாக்கில் ஊசி வைத்திருக்கும் கிழவி மட்டுமே ஸ்மித் என்று மனதில் பதிந்துவிடும். அதற்கு முன் 'காஸ்ஃபோர்ட் பார்க்' (2001) பாருங்கள். இரண்டையும் எழுதியவர் ஜூலியன் ஃபெல்லோஸ். டவுன்டன் பாட்டியின் முன்மாதிரி, 'காஸ்ஃபோர்ட் பார்க்'கில் ஸ்மித் நடித்த பிரபுக் குடும்பத்துச் சீமாட்டி டிரெந்தம். இயக்குநர் ராபர்ட் ஆல்ட்மன் ஒரே அறையில் பலரை ஒரே நேரத்தில் பேசவிடுவார், அதனால் இங்கேயும் சப்டைட்டில் அவசியம். ஸ்மித் பெரும்பாலும் முணுமுணுப்பாகத்தான் கொட்டுவார்.