கரண்ட் ஊருக்கு, சாம்பல் யாருக்கு? வடசென்னைக் கேள்விகளும் பதில்களும்

தொழில்நுட்பம் நல்லதா கெட்டதா என்று மொத்தமாகக் கேட்டால் பதில் வராது. எந்த மெஷின், பலன் யாருக்கு, கழிவு எங்கே போகிறது, பழுதானால் யார் தலையில் விடிகிறது என்று பிரித்துக் கேட்டால்தான் வரும். வந்த கேள்விகளை அப்படியே பார்க்கலாம்.

ராயபுரம்: ஹார்பர்ல கரி இறக்குறது நின்னப்புறம் மொட்டை மாடியில காயப்போட்ட துணி கருப்பாகறதில்ல. இது முன்னேற்றம்தானே சார்?

உங்கள் மாடிக்கு முன்னேற்றம்தான். 2011-இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நின்று, அந்த வேலை எண்ணூர்ப் பக்கம் போனது. அங்கே கன்வேயர் பெல்ட் இருப்பதால் லாரியில் அள்ளிக் கொட்டுவதைவிடத் தூசு குறைவு. ஆனால் ஒரு பெல்ட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கரி விழும் இடத்திலும், திறந்தவெளிக் குவியலிலும் தூசு கிளம்பும். விழும் இடத்தை மூடி உறிஞ்சி வைக்க வேண்டும், குவியலைக் காற்று எழும்பும் முன் நனைக்க வேண்டும். இந்த இரண்டும் ஒழுங்காக நடக்கிறதா என்பதை எண்ணூர்க்காரர்கள்தான் சொல்ல முடியும்.

காசிமேடு: ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் எல்லாம் வந்தாச்சு. மீன்பாடு மட்டும் ஏன் ஏறல அண்ணா?

கருவி மீனைக் காட்டும், மீனை உண்டாக்காது. முன்பு அனுபவசாலி ஒருவருக்குத் தெரிந்த இடம் இப்போது எல்லாப் படகிலும் பதிவாகியிருக்கிறது. அதனால் ஒரே கூட்டத்தின் மேல் பல வலைகள் விழுகின்றன, குஞ்சு மீனும் சேர்ந்து வருகிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தின் பலனை, கருவியோடு போய் முதல் சில வாரங்களிலேயே அள்ளிவிட முடிகிறது. மறுபக்கம், தேடி அலையும் டீசல் மிச்சம். இருட்டிலும் மழையிலும் கரை திரும்ப வழி தெரிகிறது. உயிர் காக்கும் இந்த லாபத்தை நான் ஒருபோதும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் மீன் கிடைக்கக்கூடிய இடங்களை அறிவிக்கிறது. கடல் மேற்பரப்பு வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோளில் பார்த்து, இறங்குதளத்திலிருந்து திசை, தூரம், ஆழம் என்று தருகிறார்கள். மேகம் மூடினால் செயற்கைக்கோளுக்கு அந்த இடம் தெரியாது.

அடிக்கடி நடக்கும் தவறு இது: ஜிபிஎஸ்ஸில் 13 பாகை 07.5 கலை (டிகிரி, மினிட்; 60 மினிட் ஒரு டிகிரி) என்பதை 13.075 என்று அடித்துவிடுகிறார்கள். சரியானது 13.125. வித்தியாசம் 3 கடல் மைல், அதாவது ஐந்தரை கிலோமீட்டர். ஆபத்தில் இருப்பவர் ஒயர்லெஸ்ஸில் இடம் சொல்லும்போது இந்தக் குழப்பம் வந்தால் மீட்புப் படகு வேறெங்கோ தேடும். படகிலும் கரையிலும் ஒரே முறையில் எழுதப் பழகுங்கள். எக்கோவின் சென்சாரைப் புரொப்பல்லர் கிளப்பும் நுரை படாத இடத்தில் பொருத்துங்கள், நுரை பட்டால் பொய் ஆழம் காட்டும். எஞ்சின் ஸ்டார்ட் செய்யும் நொடியில் ஜிபிஎஸ் அணைந்து எரிந்தால் வோல்டேஜ் இறங்குகிறது என்று பொருள், கருவிகளுக்குத் தனி பேட்டரி வையுங்கள்.

தண்டையார்பேட்டை: மீன் கடைல ஒருத்தர் பணம் போயிடுச்சுன்னு போனைக் காட்டிட்டுப் போயிட்டாரு. அக்கவுன்ட்ல வரவே இல்ல. எப்படி?

பச்சை டிக், சத்தம் எல்லாம் அப்படியே வரும்படி போலி ஆப் செய்கிறார்கள் அம்மா. வாங்குபவர் போனைப் பார்க்கவே பார்க்காதீர்கள். உங்கள் ஸ்பீக்கர் பெட்டி அல்லது உங்கள் வங்கிக் குறுஞ்செய்தி மட்டும்தான் கணக்கு. காலையில் கடை திறந்ததும் உங்கள் கியூஆர் அட்டையை நீங்களே ஒருமுறை ஸ்கேன் செய்து, உங்கள் பெயர் வருகிறதா என்று பாருங்கள். மேலே வேறொரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போவதும் உண்டு. பணம் *வாங்க* பின் நம்பர் தேவையே இல்லை, கேட்டால் திருட்டு.

உங்கள் அக்கவுன்டிலிருந்து பணம் பறிபோனால் உடனே 1930-க்குப் போன் செய்து, 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைச் சொல்லுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்த வேண்டும், அதனால் முதல் மணி நேரம் மிக முக்கியம். உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் போனதை 3 வேலை நாளுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்களுடையதல்ல என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே சொல்லியிருக்கிறது. பின் நம்பரை நீங்களே கொடுத்திருந்தால், தெரிவிக்கும்வரை போனது உங்கள் இழப்புதான்.

எண்ணூர்: ஆத்துல சாம்பல். இறாலும் நண்டும் போச்சு. கரண்ட் வேணும்னா இதைப் பொறுத்துக்கணுமா ஐயா?

வேண்டாம். சாம்பலைக் கையாளத் தெரிந்த தொழில்நுட்பம் இருக்கிறது, செலவு செய்யாததுதான் பிரச்சினை.

600 மெகாவாட் யூனிட் முழுதாக ஓடினால் நாளொன்றுக்குச் சுமார் 10,000 டன் கரி எரியும். நம் நாட்டுக் கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல் என்பதால், 3,000 டன்னுக்குக் குறையாமல் சாம்பல் மிஞ்சும். அதில் ஒரு பங்குக்கு எட்டு, பத்து பங்கு தண்ணீர் கலந்து குழாயில் சாம்பல் குளத்துக்குத் தள்ளுவது பழைய முறை. சாம்பலில் இருக்கும் சிலிக்கா உப்புத்தாள் மாதிரி குழாயின் அடிப்பகுதியை அரிக்கும். அதற்காகக் குழாயை அவ்வப்போது 120 பாகை திருப்பி வைக்க வேண்டும், அடித் தடிமனை அளந்து மாற்ற வேண்டும். தவறினால் குழாய் வெடித்துக் கொசஸ்தலை ஆற்றில் கொட்டும். சேற்றின் மேல் சாம்பல் படிந்து இறுகினால் நண்டு வளை தோண்ட முடியாது. ஆழம் குறைவதால் மழைக்காலத்தில் வெள்ளம் வடியவும் இடமில்லை.

சாம்பலை உலர்ந்த நிலையிலேயே பிடித்து, மூடிய டேங்கர் லாரியில் சிமென்ட் ஆலைக்கு அனுப்புவதே சரியான வழி. சாம்பல் கலந்து செய்யும் பிபிசி (போர்ட்லண்ட் பொசோலானா) சிமென்டில் 15 முதல் 35 சதவீதம் சாம்பல் சேர்க்கலாம். அனல் நிலையச் சாம்பல் முழுவதையும் பயன்படுத்த வேண்டும் என்று 2021 டிசம்பர் அறிவிக்கையே இருக்கிறது.

கசிவைக் கண்டால் இடமும் நேரமும் பதியும் கேமராவில் படம் எடுங்கள், குழாய்த் தாங்கியில் இருக்கும் எண் படத்தில் தெரியட்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதி ரசீது வாங்குங்கள். பசுமைத் தீர்ப்பாயத்தில் பொதுவான சுற்றுச்சூழல் வழக்குக்கு 6 மாதம், இழப்பீடு கேட்க 5 ஆண்டு காலவரம்பு. இந்தத் தேதியைக் கோட்டை விட்டவர்கள் பலர்.

கொடுங்கையூர்: குப்பையை எரிச்சு கரண்ட் எடுத்தா கிடங்கு மலை குறையும்தானே?

அளவு குறையும். கரண்டை நம்பாதீர்கள். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக 540 கிலோகலோரி வேண்டும். பாதிக்குப் பாதி ஈரமுள்ள குப்பையில், கிலோவுக்கு 270 கிலோகலோரி அந்த ஈரத்தைக் காய்ச்சவே போய்விடும். 2016 குப்பை மேலாண்மை விதிகள் எரிபொருளாகக் கருதியதே கிலோவுக்கு 1,500 கிலோகலோரிக்கு மேல் இருக்கும் குப்பையைத்தான். நம் வீட்டுச் சோறும் காய்கறித் தோலும் அந்தக் கணக்கில் வராது.

குப்பை எரியும்போது உண்டாகும் டயாக்சின் என்ற நச்சுதான் பெரிய பயம், அந்தப் பயம் நியாயமானது. புகையை 850 டிகிரிக்கு மேல் குறைந்தது 2 விநாடி வைத்தால் அது சிதையும். குளிரும்போது 250 முதல் 400 டிகிரிக்குள் திரும்பச் சேரும். எனவே அந்த இடைவெளியைச் சட்டென்று கடந்து, கார்பன் தூளும் துணி வடிகட்டியும் வழியாக விட வேண்டும். கேட்டில் ஓடும் போர்டில் தூசு, அமில வாயு எல்லாம் நிமிடத்துக்கு நிமிடம் வரும், டயாக்சின் வராது. அதைப் பல மணி நேரம் மாதிரி எடுத்து ஆய்வகத்தில்தான் அளக்க முடியும். ஆகவே கருத்துக்கேட்புக் கூட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்: டயாக்சின் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அளப்பீர்கள், அறிக்கை எங்கே ஒட்டுவீர்கள், வடிகட்டியில் சேரும் நச்சுச் சாம்பல் எந்த ஊருக்குப் போகும்? ஈரக் குப்பையை வீட்டிலேயே பிரித்துவிட்டால் எரிக்க வேண்டியதே வெகுவாகக் குறையும் என்பது என் உறுதியான கருத்து.

திருவொற்றியூர்: கடல் தண்ணியைக் குடிதண்ணி ஆக்கித்தான் தர்றாங்க. வீட்டுக்கும் ஆர்ஓ வேணுமா?

பெரும்பாலும் வேண்டாம். 2010-இல் தொடங்கிய மீஞ்சூர் ஆலையின் திறன் நாளுக்கு 10 கோடி லிட்டர். அங்கே ஏற்கெனவே உப்பு நீக்கியாகிவிட்டது. டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 500-க்குக் கீழே என்றால் கொதிக்கவைத்தால் போதும், அல்லது யுவி வடிகட்டி போதும். ஆர்ஓ போட்டால் ஒரு லிட்டருக்கு இரண்டு மூன்று லிட்டர் வீணாகப் போகும். போர் தண்ணீர் குடிப்பவர்களுக்கு இது பொருந்தாது. டிடிஎஸ் மீட்டர் கிருமியையும் எண்ணெயையும் காட்டாது, அதற்கு ஆய்வகம்தான்.

வியாசர்பாடி: ஹவுசிங் போர்டு மாடிப்படி கீழ எலக்ட்ரிக் வண்டி சார்ஜ் போடுறாங்க. ஆபத்தா?

ஆம். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் புகை மாடிப்படியில்தான் ஏறும், இறங்கும் வழியும் அதுவே. வெளியே, கூரைக்கடியில் போடச் சொல்லுங்கள். எர்த் உள்ள 16 ஆம்பியர் பிளக் வேண்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. ஓட்டி வந்து அரை மணி ஆறவிட்டு இணைக்கட்டும். பவுடர் சிலிண்டர் தீயின் மேல்பகுதியை அணைக்கும், உள்ளே சூடு நிற்காது. நிறையத் தண்ணீர் வேண்டும், 101-ஐ அழையுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய பேட்டரி காய்ந்துவிட்டாலும் சார்ஜ் போடக் கூடாது. வண்டியை வீட்டைவிட்டுத் தள்ளி நிறுத்தி, சர்வீஸ்காரர் பேட்டரியைத் திறந்து பார்க்கும்வரை அங்கேயே இருக்கட்டும்.