பத்து மில்லிகிராம் போட்டும் பகலில் தூக்கம் வரவில்லை

தண்டையார்பேட்டை வாசகர், வயது 34. எண்ணூர் பக்கம் கன்டெய்னர் யார்டில் நிரந்தர நைட் ஷிப்ட். காலையில் வீடு வந்ததும் 10 மி.கி. மெலடோனின் போடுகிறார், இரண்டு மணி நேரத்தில் விழிப்பு வந்துவிடுகிறது. மெடிக்கலில் வெட்டின அட்டையில் சின்ன மாத்திரை ஒன்றும் கொடுத்திருக்கிறார்கள். மெலடோனினை இரண்டு மாத்திரையாகப் போடலாமா, அந்தச் சின்னதையும் சேர்க்கலாமா என்று கேட்கிறார்.

இரண்டும் வேண்டாம்.

மெலடோனின் ஆளை அடித்துப் படுக்கவைக்கும் மருந்து இல்லை. இருட்டியதும் மூளைக்குள் அரிசி மணி அளவுச் சுரப்பி ஒன்று "ராத்திரி ஆயிடுச்சு" என்று உடம்புக்குச் சொல்லும் செய்தி. அதற்கு அரை முதல் 3 மி.கி. தாராளம். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது காலை வெயில். ஷிப்ட் முடிந்து வரும் வழியில் கண்ணில் விழும் வெளிச்சம் மூளைக் கடிகாரத்தைப் பகலுக்குத் திருப்பிவிடுகிறது. கறுப்புக் கண்ணாடி போட்டு ஷேர் ஆட்டோவில் வாருங்கள். அந்தத் தூக்கக் கண்ணோடு லாரிகளுக்கு நடுவே பைக் வேண்டவே வேண்டாம். ஜன்னலுக்குத் தடித்த கறுப்புத் துணி கட்டுங்கள். கடைசி டீ இரவு 2 மணிக்குள்.

வாரம் ஒரு ஷிப்ட் மாறுகிறவர்கள் கடிகாரத்தை இரவுக்குத் திருப்ப முயல வேண்டாம். உடம்புக் கடிகாரம் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும். எட்டு மணி நேரம் நகர எட்டு நாள். அதற்குள் அடுத்த ஷிப்ட் வந்துவிடும். அவர்கள் இருட்டு அறையில் கிடைக்கிற நேரம் தூங்கினால் போதும். முந்தின நாள் சாயந்திரம் ஷிப்டை மாற்றிச் சொல்லும் கான்ட்ராக்டர்களுக்கு இதை யார் புரியவைப்பது?

இப்போது அந்தச் சின்ன மாத்திரை. பேர் இருக்கும் பக்கத்தை வெட்டிவிட்டுக் கொடுத்த மாத்திரை, என்னிடம் வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரைதான். அது பழக்கமாகிவிடும். எச்1 பட்டியல் மருந்து; டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, யாருக்கு விற்றார்கள் என்று பதிவேட்டில் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும். 2014 முதல் இதுதான் சட்டம். கவுன்டரில் நிற்கும் பையன் உங்கள் பேரையாவது கேட்டானா? பதிவேட்டைப் பார்க்க வேண்டியவர்கள் எங்கே போனார்கள்?

இன்னும் தொடவில்லை என்றால் தொடாதீர்கள். வாரக்கணக்கில் தினமும் போட்டிருந்தால் சட்டென்று நிறுத்தவும் கூடாது, வலிப்பு வரலாம். மிச்ச அட்டையோடு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி ஓபியில் காட்டுங்கள், எத்தனை நாள் போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.