மன்னரின் சிறுநீர்

ஐயா, என் தம்பிக்கு அக்யூட் இன்டர்மிட்டென்ட் போர்பிரியா என்ற, விட்டுவிட்டுத் தாக்கும் பரம்பரை நோய் என்று போன மாதம் உறுதிசெய்தார்கள். ‘இங்கிலாந்து ராஜா மூன்றாம் ஜார்ஜுக்கு வந்த நோய்’ என்று சொல்லி வீட்டில் தேற்றிக்கொள்கிறோம். அவரைப்போல இவனுக்கும் புத்தி பேதலிக்குமா? அமெரிக்காவை அவர் இழந்ததும் இதனால்தானா?

கே.

அன்புள்ள கே.,

அமெரிக்காவை விடுங்கள். அமெரிக்க விடுதலைப் போரில் யார்க்டவுனில் பிரிட்டிஷ் படை சரணடைந்தது 1781இல். ராஜாவின் புத்தி பெரிதாகக் கலங்கியது 1788இல்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் தம்பியின் நாளைய நிலையை அந்த ராஜாவிடம் தேடாதீர்கள். அவருக்குப் போர்பிரியா இருந்தது என்பதையே நான் ஏற்கவில்லை.

அந்த முடிவைச் சொன்னவர்கள் ஐடா மெகால்பைன், ரிச்சர்ட் ஹன்டர் என்ற தாயும் மகனும், மனநல மருத்துவர்கள். 1966இல் அரண்மனை வைத்தியர்களின் குறிப்புகளிலிருந்து வயிற்றுவலி, மலச்சிக்கல், கால் பலவீனம், நிறம் மாறிய சிறுநீர் ஆகியவற்றைச் சேர்த்துக் காட்டினார்கள். 2010இல் அதே குறிப்புகளை மறுபடி வாசித்த ஆய்வு, தங்கள் முடிவுக்குத் தோதானவற்றை மட்டும் அவர்கள் பொறுக்கியதைக் காட்டியது. இடைவிடாமல் 19 மணி நேரம் பேசியவர் ராஜா. அதை மேனியா என்ற மனநோய்ப் பித்து என்று வாசிப்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

பழைய நோயாளியின் குறிப்பைக் கையில் எடுத்தால் முதலில் எழுத வேண்டியது மருந்துப் பட்டியல்: எந்த நாள், என்ன கொடுத்தார்கள். நோய்க்குறிகளை அதன் பக்கத்தில் எழுதுங்கள். மருந்துக்குப் பிறகு வந்ததையெல்லாம் சந்தேகக் கணக்கில் வையுங்கள். மிஞ்சுவதுதான் நோய். ராஜாவுக்கு டார்ட்டார் எமெட்டிக் என்ற வாந்தி மருந்தைக் கொடுத்தார்கள், சில சமயம் அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்தும். அது ஆன்டிமனி என்ற நச்சுத் தனிமத்தின் உப்பு. குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, தளர்ச்சி எல்லாம் அதுவே தரும். 1788 டிசம்பரில் கியூ அரண்மனைக்கு வந்த மருத்துவர் ஃபிரான்சிஸ் வில்லிஸ் ராஜாவின் கைகால்களைக் கட்டிவைத்தார். கெட்ட நீர் வெளியேறும் என்று நம்பி, கால்களில் கொப்புளம் எழுப்பும் பற்றுப் போட்டார்கள்; புண் சீழ்பிடித்தது. அந்தக் கால் வலிக்காமல் என்ன செய்யும்? அதை நரம்புநோய் என்று எழுதினால் ஆத்திரம் வராதா? 2005இல் அவருடைய தலைமுடியைச் சோதித்தபோது ஏராளமான ஆர்சனிக் இருந்தது. ஆன்டிமனி மருந்தில் கலந்திருந்த ஆர்சனிக்தான் அது என்று கருதுகிறார்கள். போர்பிரியாவைத் தேடிப் போனவர்களுக்கு அந்த முடியிலிருந்து டிஎன்ஏ கிடைக்கவில்லை.

தம்பியின் கதை வேறு. அவனுக்கு ஊகம் இல்லை, பரிசோதனை இருக்கிறது. தாக்குதலின்போது குழப்பமும் பிரமையும் வரலாம். தாக்குதல் அடங்கினால் பெரும்பாலும் அவையும் அடங்கிவிடும். ஆனால் ‘தேற்றிக்கொள்கிறோம்’ என்றீர்களே, நீங்கள் சோதித்துக்கொண்டீர்களா? கடிதத்தில் ஒரு வரி இல்லை! பெற்றோரில் ஒருவரிடமிருந்து அவனுக்கு வந்திருந்தால், உங்களுக்கும் அந்த மரபணு இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. இருப்பவர்களில் பெரும்பாலோருக்குத் தாக்குதல் வருவதேயில்லை என்பது ஆறுதல். ஆனாலும் தெரியாமல் ஒரு வலிப்பு மாத்திரையோ சல்ஃபா வகைக் கிருமிக்கொல்லி மாத்திரையோ விழுங்கிவிடக் கூடாது. ஃபீனோபார்பிட்டல், ஃபெனிட்டாயின், கார்பமாசெபின் மூன்றும் ஆகாத வலிப்பு மருந்துகள் என்று எழுதித் தம்பியின் சட்டைப்பையில் வையுங்கள். மது கூடாது. ஏகாதசி, சஷ்டி என்று பட்டினி கிடக்க விடாதீர்கள். சோறு குறைந்தாலே தாக்குதல் கிளம்பும்.

இனி வயிற்றுவலி வந்தால், வலி இருக்கும்போதே சிறுநீரைப் பிடித்து, வெளிச்சம் படாமல் புட்டியில் அலுமினியத் தாளைச் சுற்றி, தாக்குதலின்போது சிறுநீரில் கூடும் போர்போபிலினோஜென் என்ற பொருளின் சோதனைக்கு அன்றே அனுப்புங்கள்.