மாத்திரை அலாரத்துக்குக் காசு கொடுப்பவர் யார்?

கேள்வி: மாத்திரை சாப்பிடும் நேரத்தை நினைவூட்டும் ஆண்ட்ராய்டு செயலி ஒன்றைத் தனியாளாக எழுதி, பிளே ஸ்டோரில் இலவசமாகப் போட்டிருக்கிறேன். தினமும் ஆயிரம் பேர் அளவில் பயன்படுத்துகிறார்கள். விளம்பரம் போடு என்கிறார் தோழி. சந்தா வை என்கிறார் அண்ணன். விலை வைத்து விற்றுவிடு என்கிறார் கணவர். யார் பேச்சைக் கேட்பது சார்?
– ஒரு வாசகி

பதில்: கணவர் பேச்சை முதலில் தள்ளிவிடலாம். என்மேல் அவர் கோபப்பட வேண்டாம், விதி கூகுளுடையது. பிளே ஸ்டோரில் ஒருமுறை இலவசமாக வெளியிட்ட செயலியைப் பிறகு விலைக்கு மாற்ற முடியாது. வேறு பேக்கேஜ் பெயரில், அதாவது ஸ்டோர் செயலியை அடையாளம் காணும் பெயரையே மாற்றி, புதிய செயலியாகத்தான் போட வேண்டும். இதுவரை சேர்ந்த பயனர்களும் நட்சத்திரங்களும் பழையதோடு நின்றுவிடும். செயலிக்குள் ஒரு வசதியைப் பூட்டி, அதைத் திறக்க ஒரு தடவை பணம் வாங்கத் தடையில்லை. அவர் சொன்னதில் பாதியையாவது இப்படிக் காப்பாற்றலாம்.

தோழியின் யோசனைக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் பேரும் நாளுக்கு மூன்று முறை செயலியைத் திறந்தால் 3,000 விளம்பரக் காட்சிகள். ஆயிரம் காட்சிக்கு அரை டாலர் என்று பேச்சுக்கு வைத்துக்கொண்டால், நாளுக்கு ஒன்றரை டாலர். அதுகூட வராது. ஏனென்றால் அலாரம் அடித்ததும் அறிவிப்பிலேயே 'எடுத்துக்கொண்டேன்' என்று தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். உங்கள் செயலி எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ, அவ்வளவு குறைவாகத்தான் அதைத் திறப்பார்கள். விளம்பரத்துக்கோ கண் திரையிலேயே நிற்க வேண்டும்.

திரை ஓரத்தில் பட்டையாக வரும் பேனரைவிட முழுத்திரை விளம்பரத்துக்குக் காசு கூடுதல் என்று தோழி அடுத்துச் சொல்வார். கையில் மாத்திரையோடு நிற்கும் எழுபது வயதுக்காரர், கண்ணில் படாத அந்த மூலைப் பெருக்கல் குறியைத் தேடுவதை நினைத்துப் பாருங்கள். என் அம்மாவின் போனில் அப்படி ஒரு செயலி இருந்தால் அன்றைக்கே எடுத்துவிடுவேன். இன்னொன்று, மருந்தின் பெயர் தெரிந்தால் நோயை ஊகித்துவிடலாம். அந்தத் தகவல் விளம்பர வலையமைப்பின் பக்கமே போகக் கூடாது. நாளைக்கு ஐபோனுக்கும் எழுதினால் ஆப்பிளின் விதியையும் பார்க்க வேண்டும். ஐபோனின் உடல்நலத் தகவல்களைச் செயலிகளுக்குத் தரும் ஹெல்த்கிட் வழியாக வரும் தகவலை விளம்பரத்துக்குப் பயன்படுத்த அங்கே அனுமதியே இல்லை.

மிச்சம் அண்ணன். நான் அவர் கட்சி, ஆனால் ஒரு நிபந்தனையோடு. ஒரே தடவை வாங்கும் பணம் உங்களுக்குக் கட்டுபடியாகாது என்பது உண்மை. அலாரம் செயலியை எழுதி முடித்தோம் என்று விட்டுவிட முடியாது. துல்லியமான நேரத்தில் ஒலிக்க ஆண்ட்ராய்டு 12 தனி அனுமதி கேட்கத் தொடங்கியது. 13 வந்தபோது அறிவிப்பு காட்டவே பயனரிடம் கேட்க வேண்டியதாயிற்று. 14-இல், புதிதாக நிறுவும் பெரும்பாலான செயலிகளுக்கு அந்தத் துல்லிய அலாரம் அனுமதி தானாகக் கிடைப்பது நின்றது. ஆண்டுதோறும் வேலை இருக்கிறது என்றால் ஆண்டுதோறும் வருமானமும் வேண்டும்.

நிபந்தனை இதுதான்: அலாரத்தைப் பூட்டாதீர்கள். எத்தனை மருந்து, எத்தனை வேளை என்றாலும் அது இலவசமாகவே ஒலிக்கட்டும். அப்பா இன்று மாத்திரை எடுத்தாரா என்று வேறு ஊரில் இருக்கும் மகள் தன் போனில் பார்க்க ஒரு வசதி செய்து, சந்தாவை அங்கே வையுங்கள். சர்வர் செலவு வருவதும் அந்த வசதிக்குத்தான். மாத்திரை சாப்பிடுபவர் ஒருவர், கவலைப்படுபவர் இன்னொருவர். காசு கொடுக்கத் தயாராக இருப்பவர் இரண்டாமவர். சந்தாப் பக்கம் அப்பாவின் திரையில் வரவே வேண்டியதில்லை. மாதச் சந்தாவோடு ஆண்டுச் சந்தாவையும் கொடுங்கள். இது நீண்டகால மருந்து எடுப்பவர்களுக்கான செயலி, பலர் ஆண்டையே எடுப்பார்கள் என்பது என் எண்ணம். கார்டு காலாவதியாகிப் பணம் வராமல் போனால் சில நாள் பொறுத்திருக்க கூகுள், ஆப்பிள் இரண்டு ஸ்டோர்களிலும் சலுகைக் காலம் உண்டு, அதை இயக்கி வையுங்கள்.

கேள்வி: வருமானத்தில் முப்பது சதவீதம் ஸ்டோருக்கே போய்விடுமாமே? பிறகு எதற்கு இந்தத் தொழில்?

பதில்: முப்பது என்பது பழைய பேச்சு. ஆண்டுக்கு பத்து லட்சம் டாலருக்குள் சம்பாதிக்கும் சிறியவர்களிடம் 15 சதவீதம் வாங்கும் திட்டத்தை ஆப்பிள் 2021 ஜனவரியில் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலையில் கூகுளும் முதல் பத்து லட்சம் டாலருக்கு 15 என்று இறங்கிவந்தது. இரண்டிலும் நாமே பதிவு செய்துகொள்ள வேண்டும். அதைச் செய்யாமல் முப்பது போகிறதே என்று புலம்புகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். பத்து லட்சத்தைத் தாண்டினால் எனக்கு எழுதுங்கள், பொறாமைப்பட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: என்னுடையது புதிர் விளையாட்டு. முதல் பத்துக் கட்டம் இலவசம், பிறகு ஒரே விலை என்று வைக்கலாமா?

பதில்: நின்டென்டோ 2016 டிசம்பரில் சூப்பர் மாரியோ ரன்னை அப்படித்தான் கொண்டுவந்தது. முதல் சில கட்டங்கள் சும்மா, மீதி எல்லாம் 9.99 டாலர். கோடிக்கணக்கில் இறக்கிக்கொண்டார்கள், ஆனால் எதிர்பார்த்த லாபம் வரவில்லை என்று நிறுவனமே சொன்னது. மாரியோவுக்கே அந்தக் கதி என்றால், பெயர் தெரியாத நம் விளையாட்டு பத்தாவது கட்டத்தில் கை நீட்டினால் பெரும்பாலோர் திரும்பிப் பார்க்காமல் போவார்கள்.

உங்களுக்கு விளம்பரம் பொருந்தும். புதிரில் மாட்டிக்கொண்டவர் தானாகக் கேட்கும்போது, ஒரு குறிப்புக்கு ஒரு வீடியோ என்று காட்டுங்கள். பார்ப்பதா வேண்டாமா என்பது அவர் கையில் இருப்பதால் எரிச்சல் இல்லை. பேனரைவிடக் காட்சிக்குக் கிடைக்கும் தொகையும் அதிகம். அதோடு, விளம்பரமே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரே தடவை வாங்கும் வசதி. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அதை வாங்கியவருக்கு வீடியோ பார்க்காமலேயே குறிப்பு கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒற்றை நட்சத்திரம் நிச்சயம்.

கேள்வி: என் செயலியில் கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்மாப் வழியாக விளம்பரம் போட்டிருக்கிறேன். நண்பர்களைத் தினமும் கிளிக் செய்யச் சொன்னால் என்ன?

பதில்: கணக்கை முடக்கிவிடுவார்கள். ஒரே ஆட்கள், ஒரே போன்கள், தினமும் கிளிக். கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. நீங்களே சோதித்துப் பார்க்கக்கூடச் சோதனை விளம்பரங்களைத்தான் பயன்படுத்த வேண்டும். நூறு டாலர் சேர்ந்தால்தான் அவர்கள் பணம் அனுப்புவார்கள். நண்பர்களின் தயவில் அந்த நூறு சேரும் முன்பே கணக்கு போய்விடும்.